பந்தை எங்கே பார்த்து அடிப்பது? ஊட்டியில் தொடங்கி சத்துவாச்சாரி வரை

செமஸ்டர் லீவில் படிக்க வேண்டியதை விட்டுவிட்டு படிக்க வேண்டாததை எல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் என் சொந்த சோகம். கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள், பத்தாம் வகுப்பு கணக்குதான்.

முதலில் சோகத்தை சொல்லிவிடுகிறேன். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் கேரம் போர்டு என்றால் நான் கொஞ்சம் பெரிய ஆள். கட் ஷாட் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் (என்று நானே சொல்லிக்கொள்வேன்). காலேஜில் சேர்ந்த பிறகு பசங்களோடு ஒரு பூல் பார்லருக்குப் போனேன். அங்கே ஒரு எழுதாத சட்டம் உண்டு: தோற்றவன்தான் டேபிள் காசு கொடுக்க வேண்டும். கேரமில் கையால் சுண்டுகிறோம், இங்கே குச்சியால் தள்ளுகிறோம், அவ்வளவுதானே வித்தியாசம் என்று நினைத்தேன். மூன்று மாதம் வரிசையாக நான்தான் காசு கொடுத்தேன். பஸ் பாஸ் எடுக்க அப்பா கொடுத்த காசும் அதில் போய்ச் சேர்ந்தது. அப்புறம் வீட்டுக்கு நடைதான்.

விசித்திரம் என்னவென்றால், நான் தவறவிட்ட பந்துகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தவறின. எப்போதும் மெல்லிசாகத்தான் பட்டன. கூட வந்த நண்பன் கேரமே ஆடாதவன். அவனுக்கு அப்படியே எதிர்ப்பக்கம், எல்லாம் தடிப்பாக விழும். பார்லரில் டேபிளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன் ஒருநாள் சொன்னார்: "இன்னா தம்பி, இன்னும் கேரமே ஆடிகினு இருக்க? இது வேற கண்ணு." அப்போது புரியவில்லை. அதற்குப் பதில் தேடப்போய்தான் 200 வருடத்துக் கதை கிடைத்தது.

ஆரம்பத்தில் குறி பார்ப்பது என்பதே பெரிய விஷயமாக இருந்திருக்க முடியாது. ஐரோப்பாவில் பழைய பில்லியர்ட்ஸில் பந்தை அடிக்கவில்லை, தலை பெருத்த ஒரு கட்டையால் தள்ளினார்கள். சுவரோரம் நிற்கும் பந்தைத் தள்ள அந்தத் தலை இடம் கொடுக்காது. அதனால் கட்டையைத் திருப்பிப் பிடித்து அதன் வாலால் அடித்தார்கள். பிரெஞ்சில் வாலுக்கு 'க்யூ' என்று பெயர். நம் பார்லரில் 'க்யூ ஸ்டிக்' என்கிறோமே, அந்த க்யூ. வெறும் மரமுனை என்பதால் நடுவில் அடிக்காவிட்டால் வழுக்கிவிடும்.

இங்கேதான் நம்ம ஊர் ஆட்களுக்கு நெருக்கமான ஒரு பொருள் உள்ளே வருகிறது. தோல்! மிங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ கேப்டன் சிறையில் இருந்தபோது க்யூ முனையில் தோல் வில்லையை ஒட்டி ஆடிப்பார்த்தார். 1807இல் வெளியே வந்தார். இந்த ஆராய்ச்சி முடியும்வரை சிறையிலேயே இருக்கிறேன் என்று கேட்டதாகக்கூட ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் தோல் முனை வந்ததும் பந்தை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எங்கே வேண்டுமானாலும் அடித்து சுழற்ற முடிந்தது. சாக் தடவினால் இன்னும் பிடிப்பு.

எங்க அப்பா டேனரியில் வேலை செய்கிறார். உடைந்துபோன ஒரு டிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். கையில் வாங்கி நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது பட்டையில பதப்படுத்துனது, க்ரோம் இல்ல" என்றார். பிறகு "இது உன்கிட்ட எப்படி வந்தது?" என்றார். அந்தக் கேள்விக்கான பதிலை இங்கே எழுதவில்லை :)

சரி, கதைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய ஆட்டம் பில்லியர்ட்ஸ், மூன்றே பந்து. அதில் முக்கியமான ஷாட்களில் ஒன்று, அடிக்கும் வெள்ளைப் பந்தையே இன்னொரு பந்தில் பட்டுத் திரும்பி பாக்கெட்டில் விழவைப்பது. அதாவது எதிர்ப்பந்து எங்கே போகிறது என்பதைவிட நம் பந்து எங்கே போகிறது என்பதுதான் கவலை. இதற்கு அவர்கள் வைத்திருந்த வழி 'பின்னக் கணக்கு'. நேராகப் பார்க்கும்போது நம் பந்து எதிர்ப்பந்தில் எவ்வளவை மறைக்கிறது? முழுசு, முக்கால், பாதி, கால். இதில் பாதிப் பந்துதான் ராஜா. வெள்ளையின் நடுவை எதிர்ப்பந்தின் ஓரத்துக்குக் குறிவைத்தால் பாதி. பார்ப்பதும் சுலபம், அதற்குமேல் ஒரு வசதியும் உண்டு. உருண்டு வரும் வெள்ளை, காலிலிருந்து முக்கால் வரை எங்கே பட்டாலும் ஏறக்குறைய 30 டிகிரி சுற்றளவில்தான் திரும்பும். பாதியைக் குறிவைத்து கொஞ்சம் தவறினாலும் வெள்ளை போகும் வழி அதிகம் மாறாது. பின்னக் கணக்கு அந்த ஆட்டத்துக்காகவே தைத்த சட்டை மாதிரி.

அந்த சட்டை பொருந்தாமல் போனது நம் நாட்டில்தான்.

1875, ஜபல்பூர். மழைக்காலம், ராணுவ மெஸ்ஸில் அதிகாரிகளுக்கு வேலை இல்லை. நெவில் சேம்பர்லேன் என்ற 19 வயது அதிகாரி (ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்ட பிரதமர் சேம்பர்லேன் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்) ஏற்கெனவே இருந்த ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்கிறார். 15 சிவப்புப் பந்து வைத்து ஆடும் பிரமிட்ஸ், கலர் பந்துகள் வைத்து பணம் கட்டி ஆடும் பூல். இரண்டையும் கலந்தால் புது ஆட்டம். ஒருநாள் ஒருவர் பாக்கெட் ஓரத்திலேயே நின்ற கலர் பந்தைப் போட முடியாமல் விட்டுவிட, சேம்பர்லேன் அவரைப் பார்த்து நீ ஒரு சரியான 'ஸ்னூக்கர்' என்று கிண்டலடித்தாராம். லண்டன் ராணுவக் கல்லூரியில் முதல் வருடப் பையன்களைக் கூப்பிடும் சொல் அது. நம் காலேஜ் பாஷையில் 'ஜூனியர்' என்று இழுத்துச் சொல்வோமே, அப்படி. பிறகு அவரே எல்லோரையும் சமாதானப்படுத்தி, இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான், இதற்கும் அதே பெயரை வைத்துவிடலாம் என்றார். ஆக, அந்த ஆட்டத்தின் பெயரே ஒருவன் குறி தவறியதில் பிறந்தது. இதைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா!

பிறகு சேம்பர்லேன் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி ராபர்ட்ஸின் கீழ் வேலைக்கு வருகிறார். வெயில் காலத்தில் எல்லோரும் ஊட்டிக்கு ஏறிவிடுவார்கள். அங்கே ஊட்டி கிளப்பில் 1882இல் ஸ்னூக்கரின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. காலேஜ் டூரில் அந்த கிளப்பின் கேட் வரைக்கும் போயிருக்கிறேன். மெம்பர் இல்லாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. பல வருடம் கழித்து இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது யார் என்று சண்டை வந்தபோது, 1938இல் சேம்பர்லேனே ஒரு பத்திரிகைக்கு எழுதித் தன் கதையைச் சொன்னார். எழுதத் தெரிந்தவர், எழுதினால் போடுகிற பத்திரிகையும் இருந்தது.

எனக்கு இங்கே ஒரு உறுத்தல் உண்டு. அந்த கிளப்புகளில் பந்தை அடுக்கி, ஸ்கோர் சொல்லி, ஆள் இல்லாதபோது துரைகளுக்கு ஈடுகொடுத்து ஆடியவர்கள் மார்க்கர்கள். நம்ம ஆட்கள். உறுப்பினராக அல்ல, சம்பளத்துக்கு. ஒரு நாளில் எந்த அதிகாரியையும்விட அதிக நேரம் அந்த மேஜையைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். எந்தப் பந்து எந்தக் கோணத்தில் விழும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு பெயர் இருக்கிறது, மார்க்கர் ஒருவர் பெயரும் அந்தக் கதையில் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். தனிநபர் விளையாட்டில் உலக சாம்பியனான முதல் இந்தியர். 1984இல் ஓம் அகர்வால் ஸ்னூக்கரில் உலக அமெச்சூர் பட்டம். மார்க்கர் என்ற சொல் மட்டும் அப்படியே நம்ம பார்லர் வரைக்கும் வந்து நிற்கிறது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். ஸ்னூக்கரிலும் பூலிலும் எதிர்ப்பந்துதான் பாக்கெட்டில் விழ வேண்டும். இலக்கு மாறிவிட்டது. இப்போது பின்னக் கணக்கு எப்படி? முக்கால் பட்டால் எதிர்ப்பந்து 14.5 டிகிரி திரும்பும். பாதி என்றால் 30, கால் என்றால் 48.6. நடுவே இருக்கும் கோணத்துக்கு? எட்டில் ஒரு பங்காகப் பிரித்தாலும் ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஏழு டிகிரி இடைவெளி. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ., பாக்கெட் வாய் கிட்டத்தட்ட மூன்றரை அங்குலம், அதாவது பந்துக்கு இரண்டு பக்கமும் சுமார் 18 மி.மீ. மிச்சம். ஒரு டிகிரி தவறினால் ஒரு மீட்டர் தூரத்தில் 17 மி.மீ. விலகும், தப்பித்தோம். இரண்டு மீட்டரில் 35, போச்சு! அந்த ஒரு டிகிரிக்கு நாம் குறியில் செய்யும் பிழை எவ்வளவு? பாதிப் பந்து ஷாட்டில் வெறும் 0.8 மி.மீ.! ஏழு டிகிரி படிக்கட்டை வைத்துக்கொண்டு ஒரு டிகிரி வேலை செய்ய முடியாது. மிச்சத்தைக் கண் நிரப்புகிறது. பின்னக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்தது 'பேய்ப் பந்து' முறை. எதிர்ப்பந்தை பாக்கெட்டுக்கு அனுப்ப, மோதும் நொடியில் வெள்ளை எங்கே நிற்க வேண்டும்? அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு பந்து நிற்பதாக நினைத்து அதன் நடுவுக்கு அடி. வடிவக் கணிதப்படி இதில் குறையே இல்லை. சிக்கல், இல்லாத ஒன்றைப் பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு, படவேண்டிய புள்ளியையே பார்த்து அடிப்பவர்கள் நிறைய. என் நண்பன் செய்தது அதுதான். வெள்ளையின் நடு அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேராது, அதற்கு முன்பே அதன் விலா இடித்துவிடும். 30 டிகிரி வேண்டிய இடத்தில் 14.5தான் கிடைக்கும். பாதி கேட்டால் முக்கால்! அதனால்தான் அவனுக்கு எல்லாம் தடிப்பு. இதற்கு மருந்து, எதிர்ப்பந்தின் நடுவிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதைப் போல இரண்டு மடங்கு தள்ளிக் குறிவைப்பது. எனக்குப் பிடித்த முறை இதுதான். பேயும் வேண்டாம், பின்னமும் வேண்டாம்.

அப்படியானால் நான் ஏன் மெல்லிசாக அடித்தேன்? ஒருநாள் ராத்திரி ஸ்கேலை எடுத்து அளந்தபோதுதான் பிடிபட்டது. பூலில் இரண்டு பந்தும் ஒரே அளவு, அதனால் சரியாக இரண்டு மடங்கு. கேரமில் காய் 3.18 செ.மீ., ஸ்ட்ரைக்கர் 4.13 செ.மீ. வரை இருக்கும். ஸ்ட்ரைக்கர் பெரிசு என்பதால் இரண்டு மடங்கு போதாது, 2.3 மடங்கு தள்ளிக் குறிவைக்க வேண்டும். பத்து வருடமாக என் கண் பழகியது அந்த 2.3. அதே கண்ணோடு பூல் டேபிளில் நின்றால் எல்லாம் மெல்லிசாகத்தானே போகும்! "வேற கண்ணு" என்று மார்க்கர் அண்ணன் சொன்னது இதைத்தான். ஸ்கேல் இல்லாமலே சொல்லிவிட்டார்.

பேய்ப் பந்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பந்துகள் மோதும்போது உரசிக்கொள்கின்றன. அந்த உரசல் எதிர்ப்பந்தை வெள்ளை வந்த திசைப்பக்கம் கொஞ்சம் இழுத்துவிடும். மெதுவாக அடித்தால் இழுப்பு அதிகம், பந்து அழுக்காக இருந்தாலும் அதிகம். எங்கள் பார்லர் பந்துகளை யாரும் துடைத்து நான் பார்த்ததில்லை. பந்து மோதல், உரசல் எல்லாவற்றுக்கும் 1835லேயே ஒரு பிரெஞ்சுக்காரர் தனிப் புத்தகமே எழுதிவிட்டார். பெயர் கொரியாலிஸ். ஆமாம், புயல் ஏன் சுழல்கிறது என்று படிக்கும்போது வருகிற அதே கொரியாலிஸ்தான்.

1990களில் அமெரிக்காவில் ஹால் ஹூல் என்பவர் வேறு ஒரு வழி சொன்னார். வெள்ளையின் நடுவையும் எதிர்ப்பந்தின் ஓரத்தையும் ஒரு கோட்டில் வைத்துக்கொண்டு, பிறகு குச்சியை ஒரு அளவு திருப்பி அடி, அவ்வளவுதான், யோசிக்கவே வேண்டாம் என்று. இதை வைத்து அங்கே பெரிய சண்டை. கொலராடோவில் இன்ஜினியரிங் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியடோரே போன்றவர்கள், இரண்டு மூன்று கோடுகளை வைத்து எல்லா கோணத்தையும் அடைய முடியாது, ஆடுபவர் தன்னை அறியாமல் சரிசெய்துகொள்கிறார் என்றார்கள். என் ஓட்டு பேராசிரியருக்கு. ஆனால் அந்த முறையில் நன்றாக ஆடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாதிரி நின்று, ஒரே மாதிரி குனிந்து அடிக்க அது பழக்கிவிடுகிறது. குறி சரியாக இருந்தும் குச்சி கோணினால் என்ன பயன்? 1927 முதல் 1946 வரை நடந்த உலக ஸ்னூக்கர் போட்டி 15ஐயும் வென்ற ஜோ டேவிஸ், குச்சியை முகத்தின் நடுவில் வைக்காமல் இடது கண்ணுக்குக் கீழே வைத்துத்தான் பார்த்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்த கண் அது. எந்தக் கண் என்பதே தெரியாமல் எந்த முறையைப் பிடித்தும் புண்ணியமில்லை.

கேரமை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். சென்னைக்காரர் மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக சாம்பியன். வியாசர்பாடி இளவழகி 2008இல். 2024இல் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். கிளப் கேட்டுக்கு வெளியே, தெருவில் பழகிய கண் இவர்களுடையது. இவர்களில் ஒருவரை பூல் டேபிளில் நிற்கவைத்து, முதல் வாரம் எல்லாம் மெல்லிசாகப் போகிறதா என்று பார்க்க எனக்கு ஆசை.

போன வாரம் மார்க்கர் அண்ணனிடம் இந்த 2.3 கணக்கை பேப்பரில் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சர்தான் தம்பி, அப்ப இன்னிக்கு டேபிள் காசு யாரு?" என்றார். ஆடினோம். அன்றைக்கும் நான்தான் கொடுத்தேன், ஆனால் ஒரே ஒரு பந்து வித்தியாசத்தில்.

வீட்டில் கேரம் போர்டு வைத்திருப்பவர்கள் உங்கள் ஸ்ட்ரைக்கரையும் காயையும் ஒருமுறை அளந்து பாருங்கள். 2.3க்குப் பதில் வேறு ஏதாவது வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.