அச்சுக்கு விடுதலை, வழிக்குத் தடை: பிரெஞ்சுக் காரைக்காலும் தணிக்கையின் வரலாறும்

காவிரிக் கழிமுகத்தில் அரசலாறு கடலைச் சேரும் இடத்தில் அமைந்த காரைக்கால், 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, போர்க்காலங்களில் பலமுறை ஆங்கிலேயரிடம் சென்று திரும்பி, 1954 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்த சிறு நிலப்பரப்பாகும். கிழக்கே கடல் நீங்கலாக அதன் எஞ்சிய எல்லை முழுவதையும் பிரிட்டிஷ் தஞ்சாவூர் மாவட்டம் சூழ்ந்திருந்தது. ஒரே மொழியைப் பேசி, ஒரே ஆற்று நீரைப் பங்கிட்டு, எல்லை தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த மக்கள், அச்சிட்ட எழுத்தைப் பொறுத்தவரை முற்றிலும் மாறுபட்ட இரு சட்டங்களின் கீழ் வாழ்ந்தனர். ஊடகக் கட்டுப்பாடுகளை அரசு தளர்த்த வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் எடுத்துக்காட்டுவோர், நாகூருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே கிடக்கும் இச்சான்றைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பிரெஞ்சு நாடாளுமன்றம் இயற்றிய, 1881 ஜூலை 29ஆம் நாளிட்ட பத்திரிகைச் சட்டம், அச்சுத் தொழிலும் புத்தக வணிகமும் தடையற்றவை என்று முதல் விதியிலேயே அறிவித்ததோடு, குடியேற்ற நாடுகளுக்கும் தான் பொருந்தும் என்று கூறியது. இதழ் தொடங்க விரும்பியவர் முன் அனுமதி பெறவோ, பிணைத்தொகை கட்டவோ வேண்டியதில்லை. இதழின் பெயரையும், அச்சகத்தையும், ‘ஜெரான்’ எனப்பட்ட பொறுப்பு வெளியீட்டாளரின் பெயரையும் அரசு வழக்குத் துறையிடம் எழுத்தில் தெரிவித்தால் போதும். எழுதியது குற்றமா இல்லையா என்பது வெளிவந்த பின்னரே, நீதிமன்றத்தில் முடிவு செய்யப்படும். இதற்கு நேர்மாறாக, பிரிட்டிஷ் இந்தியாவின் 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டப்படி, புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணை கட்டவேண்டியிருந்தது. அரசுக்கு ஒவ்வாத எழுத்து வந்ததென்று அரசே கருதினால் அத்தொகை பறிபோகும். முதல் முறையில் குற்றத்தை மெய்ப்பிப்பது அரசின் கடமை. இரண்டாம் முறையிலோ, பணத்தை இழந்தபின் நீதிமன்றம் ஏறித் தன் தூய்மையை மெய்ப்பிப்பது பிணை கட்டியவரின் சுமை. சிறு அச்சகத்தாருக்கு இவ்வேறுபாடு வாழ்வா சாவா என்னும் அளவுக்குப் பெரியது.

1908இல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் மு. சீனிவாசன் அரசத்துரோக வழக்கில் சிறை சென்றபின், அதை நடத்திய சுப்பிரமணிய பாரதியும் மண்டயம் குடும்பத்தாரும் அவ்விதழைப் பிரெஞ்சிந்தியாவின் தலைநகரான புதுச்சேரிக்குக் கொண்டுசென்றதற்குப் பிரெஞ்சுச் சட்டம் தந்த இந்த விடுதலையே அடிப்படை. அவ்வாண்டு அக்டோபரில் அங்கே மீண்டும் வெளிவரத் தொடங்கிய ‘இந்தியா’, 1910 மார்ச்சுக்கு மேல் நீடிக்கவில்லை. அதைப் பிரெஞ்சு நீதிமன்றம் நிறுத்தவில்லை; சந்தாதாரர் பெரும்பாலோர் வாழ்ந்த நிலத்துக்குள் அதை நுழையவிடாமல் பிரிட்டிஷ் அரசு தடுத்ததே அதை நிறுத்தியது. நெல்லுக்கும் துணிக்கும் பொருந்திய 1878ஆம் ஆண்டுக் கடல்சுங்கச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, கடல்வழியாகவோ தரைவழியாகவோ வரும் எப்பொருளையும் அறிவிக்கை ஒன்றின் மூலம் தடுக்க அரசுக்கு இடமளித்ததால், அதே பிரிவு அச்சிட்ட தாளுக்கும் பயன்பட்டது; 1910ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல் கட்டுகளை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் சேர்த்தது.

காரைக்காலின் இருப்பிடம் இந்தத் தடையின் முழுப் பொருளையும் காட்டுகிறது. புதுச்சேரியில் சட்டப்படி அச்சான ஓர் இதழைக் காரைக்காலில் சட்டப்படி படிக்கலாம். இரண்டும் ஒரே ஆளுநரின் கீழ் இருந்தவை. ஆயினும் விழுப்புரம், மயிலாடுதுறை வழியாகப் பேரளம் வந்து, அங்கிருந்து 1898இல் திறக்கப்பட்ட கிளைப் பாதையில் காரைக்காலை அடையும் இரயில் வழி, ஏறக்குறைய முழுவதும் பிரிட்டிஷ் மண்ணில் கிடந்தது. திருநள்ளாற்றிலோ நெடுங்காட்டிலோ இருந்த வாசகருக்குத் தம் நாட்டுச் சட்டம் வழங்கிய உரிமை, அடுத்த நாட்டுச் சாலையைத் தாண்டியே வரவேண்டியிருந்தது.

பிரெஞ்சுச் சட்டத்தைக் குறையற்றதாகக் கொள்வதும் பிழையாகும். பொறுப்பு வெளியீட்டாளர் பிரெஞ்சுக் குடியினராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை, அடைக்கலம் தேடி வந்தவர்களை உள்ளூரார் ஒருவரின் பெயரை நம்பியிருக்கச் செய்தது. அயல்நாட்டு அரசத் தலைவரை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கிய 36ஆம் விதி, பிரிட்டிஷ் முடியை விமரிசித்தவர்கள் மீது பாயக்கூடியதாகவே சட்டத்தில் காத்திருந்தது. இவ்வளவு இருந்தும், தமிழில் அரசியல் எழுதியவர்கள் ஓடி ஒளியத் தேர்ந்த இடம் பிரெஞ்சு நிலமே என்பதை எந்த மறுப்பும் மாற்றிவிடாது.

விடுதலை பெற்ற இந்தியாவும் எல்லையில் இதழை மறிக்கும் பழைய வழியை உடனே கைவிடவில்லை. பம்பாயில் வெளியான ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழைவதை 1949ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின்கீழ் மாநில அரசு தடுத்தபோது, அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1950 மே 26 அன்று பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, பரவும் உரிமை இல்லாத வெளியீட்டு உரிமைக்கு மதிப்பில்லை என்ற கருத்தை ஏற்று அத்தடையை நீக்கியது. மறு ஆண்டே முதல் அரசியல் சட்டத் திருத்தம், பொது ஒழுங்கையும் அயல்நாடுகளுடனான நல்லுறவையும் பேச்சுரிமையை வரையறுக்கும் காரணங்களாகச் சேர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்கவேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் இடம்பெற்றது.

1954 நவம்பர் 1 அன்று காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபின்னும் பழைய சட்டங்கள் சில காலம் தொடர்ந்தன. 1962இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறி, 1963 அக்டோபரில் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கும் விரிந்தது. அரை நூற்றாண்டு கழிந்து, 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர் ட்விட்டர் பதிவுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ் கைதானார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கியது வரவேற்கத்தக்கது. எனினும் அதே தீர்ப்பு, இணைய உள்ளடக்கத்தை முடக்கும் 69ஏ பிரிவையும், முடக்க ஆணைகளை மறைவாக வைக்கச் சொல்லும் 2009ஆம் ஆண்டு விதிகளையும் நிலைக்கவிட்டது. எழுதியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலே எழுத்தைத் தடுப்பது, பேரளம் வழியில் இதழ்க் கட்டை மறித்த அதே முறைதான். ஆகவே தளர்த்த வேண்டியவற்றுள் முதலிடம் பெறவேண்டியது இந்த மறைவே: ஒவ்வொரு முடக்க ஆணையும் அதற்கான காரணத்துடன் எழுதியவர் கைக்கு வரவேண்டும், அதை எதிர்த்து அவர் வழக்காடவும் வழி வேண்டும்.