கோல் ரன் சாலைக்கு வராத குடிநீர்க் குழாய்

சேரிகளின் வரைபடத்தை நாமே வரைவது பற்றி மாணவர்களோடு பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "கையில் செல்பேசி இருக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது. குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் குறித்துவிடலாம். குறித்த பிறகு என்ன நடக்கும்?"

நியாயமான கேள்விதான். பாடுபட்டு வரைந்த படங்கள் அலுவலக அலமாரியில் தூங்குவதை நாங்களும் பார்த்திருக்கிறோம். இதற்கான பதிலை வரலாற்றில் தேடுவோம். அமெரிக்கக் கருப்பின மக்களுக்கு இதில் நூறாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் உண்டு.

அந்த அனுபவம் நமக்கு அந்நியமானதல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கருப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா.விடம் கருப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டிருந்தார். தீண்டப்படாத மக்களும் அதே வழியில் செல்வதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அந்த டுபாய்ஸ், அதற்கு ஐம்பதாண்டுகள் முன்பே ஒரு வரைபடம் வரைந்தவர்.

1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை பிலடெல்பியாவின் ஏழாம் வார்டை ஆய்வு செய்ய அமர்த்தியது. வகுப்பு எடுக்க அவருக்கு இடம் தரவில்லை. அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். கருப்பின மக்கள்தான் நகரத்தின் நோய் என்று மேல்தட்டினர் நம்பிய காலம் அது. 1899இல் வெளிவந்த அவரது நூலில் வார்டின் வரைபடம் வீடு வீடாக வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. ஒரே கூட்டமாகப் பார்க்கப்பட்ட மக்களுக்குள் எத்தனை நிலைகள், எத்தனை உழைப்புகள் இருக்கின்றன என்பதை அது காட்டியது. அங்குள்ள வறுமையும் குற்றமும் சமூகம் உண்டாக்கியவை, மக்களின் பிறவிக் குணம் அல்ல என்று டுபாய்ஸ் வாதிட்டார்.

ஆனால் வண்ணப் பென்சில் எப்போதும் நம் கையிலேயே இருப்பதில்லை. 1933இல் அமெரிக்க அரசு வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அது 1930களின் பிற்பகுதியில் 200க்கும் மேற்பட்ட நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் போட்டது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்கள். கருப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. யார் எங்கே "ஊடுருவுகிறார்கள்" என்று எழுதுவதற்குப் படிவத்திலேயே ஓர் இடம் இருந்தது. கடன் மறுப்புக்கு இந்தப் படங்கள் எவ்வளவு காரணம், மற்ற அரசு அமைப்புகள் எவ்வளவு காரணம் என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் அரசு தன் கண்ணால் எப்படிப் பார்த்தது என்பதற்கு அவை சாட்சி. 2016இல் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அவற்றை எண்ணிம வடிவில் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தது. ஒதுக்குவதற்காக வரைந்த படமே ஒதுக்கியதற்கான ஆவணமாகிவிட்டது.

பென்சிலைத் திரும்பப் பிடுங்கும் முயற்சி டெட்ராய்ட்டில் நடந்தது. 1960களின் இறுதியில் வில்லியம் பங்கி என்ற வெள்ளையினப் புவியியல் பேராசிரியரும், க்வெண்டலின் வாரன் என்ற கருப்பின இளம்பெண்ணும் சேர்ந்து ஓர் ஆய்வுக் குழுவை நடத்தினார்கள். அப்போது வாரனுக்கு உங்கள் வயதுதான். அப்பகுதி இளைஞர்களுக்கு இலவசமாகக் கல்லூரிப் பாடம் கற்றுத் தரப்பட்டது. அவர்கள் வெளியிட்ட ஒரு வரைபடம், புறநகரிலிருந்து காரில் வேலைக்குப் போய்வருவோர் எந்தத் தெருக்களில் கருப்பினக் குழந்தைகளை அடித்துக் கொன்றார்கள் என்பதைக் காட்டியது. தலைப்பிலேயே அதை ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். "விபத்து" என்ற சொல்லை அந்தப் படம் ஏற்கவில்லை.

பிறகு கணினி வந்தது. ஜிஐஎஸ் எனப்படும் புவித்தகவல் முறை, ஒரே நிலத்தின் மீது பல தகவல்களை அடுக்கடுக்காக வைத்துப் பார்க்க உதவியது. விலையோ அதிகம்; கற்றவர்களோ குறைவு. இது அரசுக்கும் பெருநிறுவனங்களுக்கும் மட்டுமே பலம் சேர்க்கும் என்று 1990களில் புவியியலாளர்கள் பலர் எச்சரித்தார்கள். அந்த விவாதத்திலிருந்துதான், 1996இல் மெய்ன் மாநிலத்தின் ஓரோனோவில் கூடிய ஆய்வாளர்களிடையே, மக்கள் பங்கேற்கும் ஜிஐஎஸ் என்ற கருத்து பெயர் பெற்றது. பின்னர் மில்வாக்கியில் ரினா கோஷும், மினியாபோலிஸில் சாரா எல்வுட்டும் குடியிருப்போர் அமைப்புகளோடு நெருங்கி ஆய்வு செய்தார்கள். கருவி கையில் இருப்பது மட்டும் அதிகாரம் ஆகாது. தரவு யாரிடம் இருக்கிறது, அலுவலகத்தில் யாருக்குச் செல்வாக்கு இருக்கிறது என்பவையும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பதை இவ்வகை ஆய்வுகள் காட்டின.

இப்போது ஒஹாயோ மாநிலத்துக்கு வருவோம். சேன்ஸ்வில் நகரை ஒட்டிய கோல் ரன் சாலைப் பகுதியில் பெரும்பாலும் கருப்பினக் குடும்பங்கள் வாழ்ந்தன. பழைய நிலக்கரிச் சுரங்கங்களால் கிணற்று நீர் கெட்டிருந்தது. மக்கள் மழைநீரையும் பனியையும் பிடித்து வைத்தார்கள். வண்டியில் தண்ணீர் சுமந்து வந்தார்கள். சுற்றியிருந்த வெள்ளையினக் குடும்பங்களுக்குக் குழாய் வந்தது. இவர்களுக்கு மட்டும் ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் வரவில்லை.

2002இல் அவர்கள் மாநிலக் குடிமை உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். 2003இல் வழக்குத் தொடுத்தார்கள். அதன் பிறகுதான், 2004 ஜனவரியில், தண்ணீர் வந்தது. ஆனால் வழக்கை அவர்கள் விடவில்லை. நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் நீர் வாரியமும் இனப்பாகுபாட்டை மறுத்தன. "மக்கள் அடர்த்தி குறைந்த மாவட்டம் இது, வேறு பலருக்கும்தான் குழாய் இல்லை" என்றன.

நமக்கு மிகவும் பழக்கமான பதில் இது. இங்கேதான் வரைபடம் வேலை செய்தது. சீடர் குரோவ் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆலன் பார்னெலும் ஆன் மாஸ் ஜாய்னரும் மாவட்டக் கணக்கை விட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கினார்கள். குழாய் செல்லும் பாதை ஓர் அடுக்கு, வீடுகள் ஓர் அடுக்கு, அங்கே வாழ்வோரின் இனம் ஓர் அடுக்கு. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, தண்ணீர் யாரைத் தேடிப் போயிருக்கிறது, யாரைத் தாண்டிப் போயிருக்கிறது என்பது தெரிந்தது. மாவட்டத்தின் சராசரி மறைத்ததைத் தெரு காட்டிக் கொடுத்தது. 2008 ஜூலையில் நடுவர் குழு 67 வாதிகளுக்கு ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது.

இதே இருவரும் வட கரோலினாவில் இன்னொன்றையும் பதிவு செய்தார்கள். சிற்றூர்கள் நகராட்சி எல்லையை விரிக்கும்போது கருப்பினக் குடியிருப்புகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய், அவற்றை மட்டும் வெளியே விட்டுவிட்டன. சாக்கடை வசதியும் இல்லை, ஓட்டும் இல்லை. அங்கே எல்லைக் கோடுதான் பாகுபாடு. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த கோட்டுக்கு இப்பால் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆக, மாணவத் தோழர்களின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். கோல் ரன்னில் முதலில் வந்தது வரைபடம் அல்ல, புகார். 67 பேர் தங்கள் பெயரைக் கொடுத்து நீதிமன்றத்தில் நின்றார்கள். அந்தச் சாட்சியத்துக்குத் துணையாகத்தான் வரைபடம் வந்தது. எனவே செல்பேசியை எடுக்கும் முன் கேள்வியை முடிவு செய்யுங்கள். ஊராட்சிக்கு எத்தனை குழாய் என்று மட்டும் எண்ணாதீர்கள். அந்தச் சராசரி சேரியை விழுங்கிவிடும். எந்தத் தெருவில் குழாய் நிற்கிறது, அடுத்த தெருவில் யார் இருக்கிறார்கள், எந்த ஆண்டு எந்தத் தெருவுக்கு வந்தது என்று அடுக்குங்கள். நம் பக்கத்தை மட்டும் வரைந்தால் அது வறுமையின் படமாகத்தான் தெரியும். ஊரையும் சேர்த்து வரைந்தால்தான் பாகுபாடு தெரியும்.

இன்னொன்று. வீடு வீடாகச் சாதியைக் குறிக்கும் படம் தவறான கையில் சிக்கினால், அதுவே நம்மை அடிக்க வருபவனுக்கு வழிகாட்டும். சிவப்பு வண்ணத்தின் வரலாறு அதைத்தான் சொல்கிறது. எதை வெளியிடுவது, எதை வழக்குக் கட்டோடு வைத்துக்கொள்வது என்பதை அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். வரைந்த நாம் அல்ல.