வாடா, வாடி: ஓர் அடைப்பின் கதை

புணேயின் பாணேரில் 'யமுனா' என்றொரு கட்டடம் இருக்கிறது. கிர்லோஸ்கர் பிரதர்ஸ் நிறுவனத்தின் தலைமை அலுவலகம். அந்த நிறுவனம் வளர்ந்து ஆளான ஊர் கிர்லோஸ்கர்வாடி. அந்த 'வாடி' நமக்கு அந்நியமில்லை. நம்மூர் மரவாடியும் விறகுவாடியும், இலங்கைக் கரையோரத்து மீன்வாடியும் அதே சொல்தான்.

வேலியடைத்த இடத்தைக் குறிக்கும் 'வாட' என்ற வடசொல் இதன் மூலம். மராத்தியில் சிற்றூருக்கும் தோப்புக்கும் 'வாடி' என்று பெயர். செல்வர் வீட்டுக்கு 'வாடா'. விஜயவாடாவின் ஈற்றில் நிற்பதும் இதுவே. தமிழில் 'வாடை' என்பதற்குத் தெரு என்றும் பொருளுண்டு. வடகாற்றான வாடை வேறு. வாடகைக்கும் இதற்கும் உறவில்லை, அது 'பாடக' என்ற வடசொல் வழி வந்தது.

புணே வாடாவின் உயிர் அதன் முற்றம். 'சௌக்' என்பார்கள். தெருப்பக்கம் கனத்த சுவர், பெரிய கதவுக்குள் ஆள் குனிந்து நுழையும் சிறு கதவு. உள்ளே போனால் வெளிச்சம், தேக்குத் தூண்கள், துளசி மாடம். அறைகள் எல்லாம் முற்றத்தையே பார்த்திருக்கும். மராத்தியரின் தலைமை அமைச்சரான பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1730இல் அடிக்கல் நாட்டிய சனிவார் வாடாவின் தில்லி வாசல் கதவில், யானை முட்டாதிருக்க நீண்ட இரும்பு முட்கள் இன்றும் உள்ளன. 1828இல் தீப்பிடித்து மரக்கட்டடம் முழுதும் அழிந்தது. மிஞ்சியவை மதிலும் வாசல்களும் கல் அடித்தளமும். சொல்லின் மூலப்பொருள் மட்டும் நின்றுவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

இரும்பை நம்பிப் பிழைத்தவர் கட்டியது வாடா அல்ல, வாடி. லட்சுமணராவ் கிர்லோஸ்கர் பெல்காமில் சைக்கிள் கடை வைத்து, பிறகு இரும்புக் கலப்பை செய்தார். இரும்பு பட்டால் மண் நஞ்சாகும் என்று உழவர்கள் அஞ்சினார்கள். கலப்பைகள் விலைபோகாமல் கிடந்தன. பட்டறையை இடம் மாற்ற வேண்டி வந்தபோது ஔந்து சமஸ்தான மன்னர் தம் நாட்டில் நிலம் கொடுத்தார். கள்ளி மண்டிய கரடு அது. 1910இல் அங்கே வார்ப்பாலையும் தொழிலாளர் வீடுகளும் சேர்ந்தே எழுந்தன. பேஷ்வாவின் அடைப்பு ஒரு குடும்பத்தைக் காத்தது. இந்த அடைப்பு வேலையாட்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. முதலாளியின் பெயரோடு 'வாடி' ஒட்டியது மிகப் பொருத்தம்.

வாடாவை 'மாளிகை' என்று மொழிபெயர்ப்பது தவறு. மாளிகை உயரத்தைச் சொல்கிறது, வாடாவோ சூழ்ந்து நிற்பதைச் சொல்கிறது. பழைய புணேயில் வாடாக்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்ககங்களாகின்றன. பாணேரிலும் சுற்றுப்புறத்திலும் குடியிருக்கும் தமிழர்கள், அங்கே இன்னும் நிற்கும் விஸ்ராம்பாக் வாடாவுக்குப் பிள்ளைகளை ஒருமுறையாவது அழைத்துப்போய், அதன் முற்றத்தில் நின்று பார்க்க வேண்டும்.