வேண்டும்போது சுழலும் விசிறி

தீயைக் கொண்டு வேலை வாங்கும் இயந்திரம் எதுவாயினும், அதற்குத் தீயினாலேயே கேடும் உண்டு. மோட்டார் வண்டியின் எஞ்சின் இதற்கு நல்ல சான்று. நாம் ஊற்றும் பெட்ரோல் எரிந்து தரும் வெப்பம் முழுவதும் சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. ஏறத்தாழ அதே அளவு எஞ்சினின் உலோகச் சுவர்களில் இறங்குகிறது. எஞ்சியதே இயக்கமாகிறது. சுவர்களில் இறங்கிய வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் எண்ணெய் தன் வழுவழுப்பை இழக்கும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகும். எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். ஆகவே, மோட்டார் வண்டியின் வரலாற்றில் ஒரு பாதி எஞ்சினை ஓட்டக் கற்ற வரலாறு என்றால், மறு பாதி அதைக் குளிர்விக்கக் கற்ற வரலாறு எனலாம்.

அந்த மறு பாதியில் சிறியதொரு பகுதியை, ரேடியேட்டரின் அருகே சுழலும் விசிறியின் கதையை, இன்று காண்போம். உடைக்கப்பட்ட வண்டியிலிருந்து கழற்றிய மின்விசிறியை வேறொரு பழைய வண்டியில் பொருத்தி ஓட்டும் வழக்கம் நம் நாட்டு மோட்டார்ப் பட்டறைகளில் உண்டு. எளிய வேலைபோல் தோன்றும் இது, பல சமயம் வெற்றி பெறுகிறது. சில சமயம் எஞ்சினையே பலி கொள்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதை விசிறியின் வரலாறே தெளிவாகச் சொல்லும்.

1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அந்த வண்டியில் விசிறியும் இல்லை. இன்று நாம் காணும் ரேடியேட்டரும் இல்லை. சிலிண்டரைச் சூழ்ந்திருந்த நீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டு சென்றது. ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். கொதிக்கும் அந்நீரை ஆவியாக்கவோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். எனவே ஆவியாக்குதல் குளிர்விக்கும் வழிகளில் மிக வலியது. ஆனால் ஆவியான நீர் திரும்பி வராது. 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவருக்குத் தெரிவிக்காமலேயே தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் அவ்வண்டியில் சென்றார். எரிபொருளை வழியிலிருந்த வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் வாங்கினார். எரிபொருளைவிட அடிக்கடி தேவைப்பட்டது நீரே. மோட்டார் வண்டி நெடுந்தூரம் போக வேண்டுமானால், தன்னிடமுள்ள நீரையே திரும்பத் திரும்பக் குளிர்வித்துப் பயன்படுத்தும் வழி வேண்டும் என்பதை அப்பயணம் உணர்த்திற்று.

அவ்வழியைக் கண்டவர் வில்ஹெல்ம் மைபாக். டைம்லர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராகிய இவர் 1900ஆம் ஆண்டில் வடிவமைத்த 35 குதிரைத்திறன் கொண்ட வண்டியே முதல் மெர்ஸிடிஸ். அதன் முகப்பில் தேன்கூட்டைப் போன்ற ஒரு ரேடியேட்டரை அவர் அமைத்தார். பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் அளவுள்ள 8,070 சதுரக் குழல்களை நெருக்கமாக அடுக்கி ஒட்டிச் செய்தது அது. குழல்களின் உள்ளே காற்று புகுந்து செல்லும். அவற்றின் இடுக்குகளில் நீர் ஓடும். காற்றுத் தொடும் பரப்பு பன்மடங்கு பெருகியதால், முன்பு 18 லிட்டர் நீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டரே போதுமானதாயிற்று. மைபாக் அத்தோடு நிற்கவில்லை. வண்டி மெதுவாகச் செல்லும்போது முகப்பில் காற்று மோதாது அல்லவா? அந்தக் குறையைப் போக்க ரேடியேட்டருக்குப் பின்னே ஒரு விசிறியையும் வைத்தார். விசிறியின் கடமை என்ன என்பது அன்றே வரையறுக்கப்பட்டுவிட்டது. ஓட்டத்தால் காற்றுக் கிடைக்காத வேளையில் காற்றை வரவழைப்பதே அதன் கடமை.

இந்தக் கடமையை விசிறி எவ்வளவு செவ்வையாகச் செய்தது? 1908இல் வெளிவந்து, 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டின் மாடல் டி வண்டியை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் வண்டிகளுக்குப் பிறகு அதில் நீரேற்றும் பம்பே கிடையாது. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை விதியைக் கொண்டே நீர் சுற்றிவந்தது. விசிறியை மட்டும் எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து ஒரு தோல் பட்டை சுழற்றியது. மலிவானது, எளியது, பழுதுபார்ப்பதும் சுலபம். பிற்காலத்தில் தோல் பட்டைக்குப் பதில் ரப்பர் ஃபேன் பெல்ட் வந்தது. நீர்ப் பம்பும் டைனமோவும் அதே பெல்ட்டில் சேர்ந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் உலகின் பெரும்பாலான கார்கள் இம்முறையிலேயே ஓடின.

ஆயினும் இம்முறையில் ஒரு பெரும் முரண்பாடு இருந்தது. எஞ்சின் விரைந்தால் விசிறியும் விரையும். எஞ்சின் தளர்ந்தால் விசிறியும் தளரும். நெடுஞ்சாலையில் வண்டி பறக்கும்போது முகப்பில் மோதும் காற்றே போதும். அப்போது விசிறி வெறிகொண்டு சுழலும். ஊருக்குள் நெரிசலில் வண்டி நிற்கும்போதுதான் விசிறியின் காற்றுத் தேவை. அப்போது அது சோம்பிச் சுழலும். இதில் வீணாகும் ஆற்றலும் சிறிதன்று. விசிறியின் வேகம் இரு மடங்கானால் அதைச் சுழற்ற வேண்டிய ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயந்திரவியல் விதி. ஆக, காற்றுத் தேவைப்படாத வேளையிலேதான் அது எஞ்சினின் ஆற்றலை மிகுதியாக உண்டது.

குறை தெரிந்திருந்தும் மாற்றம் உடனே வரவில்லை. அதைக் கட்டாயமாக்கியது வேறொரு காரணம். 1959இல் பிரிட்டனில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி என்னும் சிறு கார் வெளிவந்தது. இடத்தை மிச்சப்படுத்த அவர் எஞ்சினை நெடுக்காக வைக்காமல் குறுக்காக வைத்தார். எஞ்சின் குறுக்கே திரும்பியதும் பெல்ட் சுழலும் முனை வண்டியின் பக்கவாட்டை நோக்கியது. விசிறி அங்கே சுழன்றதால் ரேடியேட்டரும் முகப்பை விட்டுப் பக்கத்துக்குப் போக நேர்ந்தது. முகப்பில் நேராக மோதும் காற்றின் உதவி அதற்குக் குறைந்தது. இத்தாலியில் டான்டே ஜியாகோசா இந்த முடிச்சை அவிழ்த்தார். 1969இல் வெளிவந்த ஃபியட் 128 காரிலும் எஞ்சின் குறுக்காகவே இருந்தது. ஆனால் ரேடியேட்டர் முகப்பில் இருந்தது. அதன் விசிறியைச் சுழற்றியது பெல்ட் அன்று, மின்சாரம். 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் போன்ற உயர்விலைக் கார்களில் மின்விசிறி முன்பே இருந்ததுண்டு. எனினும் நடுத்தரக் குடும்பத்தின் சிறு காருக்கு வழிகாட்டியாக நின்றது ஃபியட் 128 அமைப்பே எனலாம். எஞ்சினுக்கும் விசிறிக்கும் இடையிலிருந்த கட்டு அறுந்தது. நீரின் வெப்பத்தை அறியும் ஒரு சுவிட்ச், வேண்டும்போது விசிறியை ஓட்டி, வேண்டாதபோது நிறுத்தியது.

இதற்குத் துணையாக இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்தன. ஒன்று, ஆல்டர்னேட்டரின் வருகை. பழைய டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய மின்சாரமே தராது. ஆல்டர்னேட்டர் அவ்வேளையிலும் தரும். 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியண்ட் காரில் அதைப் பொருத்தியபின் அது உலகெங்கும் பரவிற்று. மற்றொன்று, 1973இன் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் விலை ஏறியதும், வீணாகும் ஒவ்வொரு துளியும் கணக்கில் வந்தது. 1974இல் வெளிவந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் முதலிய கார்கள் குறுக்கு எஞ்சினையும் மின்விசிறியையும் ஏற்றன.

நம் நாட்டில் இம்மாற்றம் சற்றுத் தாமதித்தே வந்தது. 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசடர் காரிலும், பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினியிலும் நாம் கண்டது பெல்ட் விசிறியே. கோடையில் ரேடியேட்டர் கொதித்து, சாலையோரத்தில் முன்மூடியைத் திறந்துவைத்து நிற்கும் கார்கள் ஒரு காலத்தில் நாடெங்கும் பழகிய காட்சி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. குறுக்கே வைத்த 796 கன சென்டிமீட்டர் எஞ்சினும், ரேடியேட்டரில் மின்விசிறியும் அதில் இருந்தன. காலப்போக்கில் அவ்வகைக் கார்கள் இலட்சக்கணக்கில் பெருகி, பின்னர் முதுமை எய்தி உடைக்கப்பட்டபோது, அவற்றின் விசிறிகள் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டி உறுப்புகள் குவிந்திருக்கும் கடைகளைக் கண்டவர்கள் இதை அறிவார்கள். புதிய கார் கழித்துவிட்ட விசிறி, பழைய காரின் பழைய குறையைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் எழுந்தது இயல்பே.

எண்ணம் நல்லது. ஆனால் விசிறியைக் கழற்றி எடுக்கும்போது அதோடு சேர்ந்து வாழ்ந்த சூழ்நிலையைக் கழற்றி எடுக்க முடிவதில்லை. இங்கேதான் நாம் மேலே கண்ட வரலாறு பயன் தருகிறது.

முதலாவது, வெப்பத்தின் அளவு. 796 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கென அளந்து செய்த விசிறி, 1,489 கன சென்டிமீட்டர் கொண்ட அம்பாசடர் எஞ்சினின் வெப்பத்தை ஈடுகட்டும் என்று எதிர்பார்ப்பது, சிறு வாளியால் பெருங்கிணற்றை இறைக்க முயல்வது போலாகும். விசிறி எந்த எஞ்சினுக்குரியது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, காற்றின் திசை. ரேடியேட்டருக்குப் பின்னிருந்து காற்றை இழுக்கும் விசிறியும் உண்டு. முன்னிருந்து தள்ளும் விசிறியும் உண்டு. இடம் மாறினால், வண்டி ஓடும்போது முகப்பில் வரும் காற்றை விசிறியே எதிர்த்து நிற்கும். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலக் கார்களில் எதிர்முனை. இதைக் கவனியாமல் கம்பிகளை இணைத்தால் நிலைக்காந்த மோட்டார் தலைகீழாகச் சுழலும். விசிறி ஓடுகிறது என்று மகிழ்வோம், எஞ்சினோ கொதிக்கும். ரேடியேட்டரின் முகப்பில் ஒரு தாளை வைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். காற்று உள்நோக்கிச் சென்றால் தாள் ஒட்டிக்கொள்ளும், இல்லையேல் பறக்கும்.

மூன்றாவது, மின்சாரம். 120 வாட் விசிறி 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும். புறப்படும் கணத்தில் அதனினும் பன்மடங்கு எடுக்கும். பழைய கார்களின் டைனமோ முழு வேகத்தில் தருவதே ஏறத்தாழ 20 ஆம்பியர். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அது தருவது அற்பம் என்பதை முன்பே கண்டோம். விசிறி வேண்டுவதும் அதே வேளையில்தான். ஆகவே இரவில் விளக்குகளோடு நெரிசலில் நிற்கும் வண்டியில் விசிறியை ஓட்டுவது பேட்டரியே; அது சிறிது சிறிதாக வற்றும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரைப் பொருத்திய பிறகே மின்விசிறியை நாடுவது அறிவுடைமை. விசிறியின் மின்னோட்டத்தைச் சிறு சுவிட்சின் வழியே நேராகச் செலுத்தலாகாது. வெப்பமறியும் சுவிட்ச் ரிலேயை இயக்க, ரிலே விசிறியை இயக்க வேண்டும். தடித்த கம்பியும், பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸும் இன்றியமையாதவை. இவையின்றிப் போனால் குளிர்விக்க வந்த விசிறியே தீக்குக் காரணமாகிவிடும்.

நான்காவது, பொருத்தும் முறை. விசிறியை ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளிலேயே கட்டித் தொங்கவிட்டால், அதிர்வினால் குழல்கள் தேய்ந்து நீர் கசியும். இரும்புப் பட்டைகளைக் கொண்டு வண்டியின் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். விசிறியைச் சூழ்ந்த கூண்டையும் உடன் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் விசிறியின் வட்டத்துக்கு நேரான பகுதியில் மட்டுமே காற்றுப் பாயும். மூலைகள் சூடாகவே இருக்கும். பழைய விசிறியின் இதழ்களை அகற்றினாலும் பெல்ட்டை அகற்றக்கூடாது. நீர்ப் பம்பு அதை நம்பியே ஓடுகிறது.

மற்றுமோர் எச்சரிக்கை. பெல்ட் விசிறி, எஞ்சின் நின்றால் நின்றுவிடும். மின்விசிறியோ, இணைப்பின் முறையைப் பொறுத்து, எஞ்சின் நின்ற பின்னும் வெப்பம் ஏறித் திடீரெனச் சுழலக்கூடும். பழைய வண்டியில் கைபழகியவர் அதன் அருகே விரலை நீட்டுவது ஆபத்து. பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே அங்கே கைவைக்க வேண்டும்.

பழைய உறுப்பை வீணாக்காமல் மறுபடி உழைக்கச் செய்வது நம் பட்டறைகளின் சிறப்பு, பெருமைப்படத்தக்க சிறப்புமாகும். ஆனால் அந்த உறுப்பு எந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தது, எவற்றின் துணையோடு அக்குறையைத் தீர்த்தது என்பதை அறிந்து செய்யும்போதே அச்சிறப்பு நிறைவு பெறுகிறது. தொழிற்பயிற்சிக் கூடத்திலோ கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ பயிலும் மாணவர்கள், பழைய விசிறி ஒன்றைக் காண நேர்ந்தால், அதன் விலையைக் கேட்பதற்கு முன், அது எந்த எஞ்சினுக்கு, எத்தனை ஆம்பியரில், எந்தத் திசையில் காற்று வீசியது என்று கேட்டுப் பழகுவார்களாக.