தொலைஞ்சா தொலைஞ்சதுதான்: விண்வெளியில் ஒரு சந்தையின் கதை

கம்ப்யூட்டர் விளையாட்டுல செத்துப்போனா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. மூணு உயிர்ல ஒண்ணு குறையும், இல்லன்னா சேவ் பண்ணின இடத்துலேர்ந்து மறுபடி ஆட்டம். பெரும்பாலான ஆட்டங்கள் நம்ம மனசு நோகாம பாத்துக்கும். காசு சேரும், பொருள் சேரும், ஒரு கட்டத்துல ரெண்டுக்கும் மதிப்பே இல்லாம போயிடும். இதுக்கு நேர் எதிரா, "தொலைஞ்சா தொலைஞ்சதுதான்" என்று ஒரு ஆட்டத்தை நடத்தினால் என்ன ஆகும்? ஐஸ்லாந்துக்காரர்கள் சிலர் செய்து பார்த்தார்கள். அந்தக் கதைதான் இன்னிக்கு. கேம் பக்கமே தலைவெச்சுப் படுக்காதவங்களும் தைரியமா படிக்கலாம். இது துப்பாக்கிக் கதை கம்மி, கல்லாப்பெட்டிக் கதை ஜாஸ்தி.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1984-ல் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலைட்' என்று ஒரு ஆட்டத்தை எழுதினார்கள். ஒரு கிரகத்துல மலிவா வாங்கி, இன்னொண்ணுல கூடுதலா விக்கணும். வழியில கொள்ளைக்காரன் வருவான். அருமையான ஆட்டம், ஆனா ஒரு குறை: விலையை வெக்கிறதும் கம்ப்யூட்டர், வழிமறிக்கிறதும் கம்ப்யூட்டர். சந்தையில நாம மட்டும் தன்னந்தனியா நிக்கிறோம்.

அந்த எலைட் பாதிப்போடு வந்தவர்கள்தான் 1997-ல் ரேய்க்யாவிக்கில் தொடங்கிய சிசிபி நிறுவனத்தார். கைல காசு இல்ல. முதல்ல ஒரு பலகை விளையாட்டைப் போட்டு வித்துத்தான் பணம் சேத்தாங்க. அதன் பேர் ஐஸ்லாந்து மொழியில் 'ஹைத்துஸ்பில்', அதாவது 'ஆபத்து விளையாட்டு'. பேர்லயே ஜாதகம் தெரியுது பாருங்க! 2003 மே 6-ஆம் தேதி 'ஈவ் ஆன்லைன்' வெளியானது.

இதுல மூணு சமாச்சாரம் முக்கியம். ஒண்ணு, சீனாவுக்கு மட்டும் தனி சர்வர், மத்தபடி உலகத்துல யார் விளையாடினாலும் ஒரே அண்டம்தான். ரெண்டு, கப்பல், பீரங்கி, குண்டு எல்லாம் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே தயாரிப்பது. ஒருத்தர் விண்கல்லை வெட்டி தாது எடுப்பார், இன்னொருத்தர் அதை உருக்கி வார்ப்பார், மூணாமத்தவர் சரக்கை ஏத்திக்கிட்டுப் போய் விப்பார். மூணாவது, கப்பல் வெடிச்சா அது போனது போனதுதான். உள்ளே இருந்த சரக்குல ஏறக்குறைய பாதி எரிஞ்சுடும், மீதியை அடிச்சவன் அள்ளிட்டுப் போவான்.

போலீஸ் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, 'கான்கார்டு'ன்னு பேர். பாதுகாப்பான பகுதிகள்ல யாராவது உங்களை அநியாயமா சுட்டா, வந்து சுட்டவனை அழிக்கும். ஆனா வர்றதுக்குள்ள உங்க கப்பல் போயிருக்கும்! அதாவது தண்டனை உண்டு, காவல் கிடையாது. அதனால் கொள்ளைக்காரன் கணக்குப் போடுவான்: என் கப்பல் போற நஷ்டத்தை விட இவன் சரக்குல பாதி அதிகமா இருக்கா? இருந்தா அடி. 2010-ல் ஒருத்தர், நிஜக்காசுக்கு வாங்கக்கூடிய 74 சந்தாச் சீட்டுகளை ஒரு தக்கனூண்டு கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆயிரம் டாலருக்கு மேல் பெறும். சுட்டுட்டாங்க. அத்தனையும் சாம்பல். சுட்டவனுக்கும் ஒண்ணும் கிடைக்கல.

இங்கதான் விஷயமே இருக்கு. அழிவு இருக்கிறதாலதான் நாளைக்கும் ஒருத்தன் கப்பல் வாங்க வருவான். வாங்க ஆள் இருக்கிறதாலதான் தாது வெட்டுறவனுக்கு வேலை. ஜிட்டா என்று ஒரு நட்சத்திர மண்டலம், அந்த அண்டத்தின் மிகப்பெரிய சந்தை. கம்பெனி கட்டித் தந்த சந்தை இல்லைங்க அது. ஜனங்க கூடினாங்க, கூட்டம் கூட்டத்தை இழுத்தது. நம்ம ஊர்ச் சந்தையெல்லாம் உருவான அதே மாதிரிதான்.

கம்பெனியே மேலேர்ந்து விலை வெச்ச இடத்துல என்ன ஆச்சுன்னும் பாருங்க. கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. ஆரம்பத்துல அந்தத் தொகை சந்தை விலையைப் பொறுத்தது இல்ல, நிரந்தரம். தாது விலை சரிஞ்சப்போ, கப்பலைக் கட்டி, இன்ஷூரன்ஸ் போட்டு, தானே வெடிச்சுக்கிட்டா லாபம் என்று நம்மாளுங்க கண்டுபிடிச்சுட்டாங்க! 2010-ல் தொகையை சந்தை விலையோடு இணைத்த பிறகுதான் இந்தக் கூத்து அடங்கியது. இதையெல்லாம் கவனிக்க 2007-லேயே எயோல்ஃபுர் குட்முண்ட்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியரை வேலைக்கு வைத்தார்கள். விலைவாசிக் குறியீட்டோடு காலாண்டு அறிக்கையெல்லாம் போட்டார் மனுஷன்.

கல் வெட்டலாம், கப்பல் கட்டலாம். அங்க தயாரிக்க முடியாத ஒரே சரக்கு நம்பிக்கை.

2005-ல் 'கைடிங் ஹேண்ட் சோஷியல் க்ளப்' என்ற கூலிப்படை, ஒரு பெரிய குழுவுக்குள் ஏறக்குறைய ஒரு வருஷம் உறுப்பினர்களாகவே இருந்தது. பதவி உயர்வெல்லாம் வாங்கி, ஒரே நாளில் கிடங்குகளைக் காலி செய்து தலைவியின் கப்பலையும் வீழ்த்தியது. நஷ்டம் சுமார் 16,500 டாலர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். கம்பெனி தலையிடவில்லை. ஏமாத்துறதும் ஆட்டத்துல சேத்தி!

2009-ல் 'ஈ-பேங்க்' கதை. ஆட்டக்காரர்களே நடத்திய வங்கி. டெபாசிட் வாங்கி, வட்டி கொடுத்து, கடன் கொடுத்து நல்லாத்தான் போச்சு. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த 'ரிக்டிக்' என்ற ஆஸ்திரேலியர் சுமார் 200 பில்லியன் இஸ்க் (அதுதான் அந்த ஊர்க் காசு) எடுத்து, வெளியில் நிஜப் பணத்துக்கு வித்துட்டார். கிடைத்தது ஏறக்குறைய 6,300 ஆஸ்திரேலிய டாலர். வீட்டுக்கு முன்பணமும் மருத்துவச் செலவும் என்று காரணம் சொன்னார். சேதி பரவினதும் டெபாசிட் போட்டவங்க எல்லாம் பணத்தை எடுக்க ஓடினாங்க. சீட்டு புடிச்சவர் கம்பி நீட்டினா தெருவே திரண்டு ஓடுமே, அதே ஓட்டம். கம்பெனி அவரை நீக்கியது, திருடியதற்காக அல்ல, நிஜப் பணத்துக்கு விற்றதற்காக.

'இஸ்க்' என்பது ஐஸ்லாந்தின் நிஜ நாணயமான குரோனாவுக்கும் குறியீடு. ஈ-பேங்க் சம்பவத்துக்கு எட்டு ஒன்பது மாசம் முன்னால, 2008 அக்டோபரில், அதே ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் சில நாட்களுக்குள் கவிழ்ந்தன. நிஜத்துலயே அந்த லட்சணம். விளையாட்டு வங்கியை மட்டும் என்னத்த குறை சொல்ல?

பெரிய சண்டை 2014 ஜனவரி 27, 28-ல். ஒரு மண்டலத்துக்குக் கட்டவேண்டிய வாடகை, தேதியில் கட்டப்படவில்லை. அவ்வளவுதான். 21 மணி நேரப் போர், 75 'டைட்டன்' கப்பல்கள் காலி. டாலர் கணக்கில் மூன்று லட்சம் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஒவ்வொரு டைட்டனும் பலர் கூடி மாசக்கணக்குல சேத்த உழைப்பு. சண்டை நடந்த இடத்தில் உடைந்த கப்பல்களை நினைவுச்சின்னமாகவே வைத்தார்கள்.

இவ்வளவு திருட்டும் நாசமும் இருக்கிற இடத்துக்கு ஏன்யா போறாங்க? ஆபத்து பிடிக்கும், அதனாலன்னு சொல்றது பாதிப் பதில்தான். மீதிப் பதில் 'க்ரிப்பா' என்ற ஆட்டக்காரர். டைட்டன் மாதிரி பெரிய கப்பல்கள் பல வருஷம் எந்த நிலையத்துலயும் நிறுத்த முடியாதவையா இருந்தன, வழக்கமான ஒப்பந்தத்திலும் அப்போது விற்க முடியவில்லை. விக்கிறவன் முதல்ல கப்பலைக் கொடுக்கணுமா, வாங்குறவன் முதல்ல காசைக் கொடுக்கணுமா? ரெண்டு பேருக்கும் பயம். நடுவில் க்ரிப்பா நிற்பார். காசையும் கப்பலையும் தானே வாங்கிக் கை மாற்றிக் கொடுப்பார், கமிஷன் எடுத்துக்கொள்வார். நெனச்சா ஒரே நாள்ல அத்தனையையும் சுருட்டிட்டுப் போயிருக்கலாம். சட்டமும் தடுக்காது, கம்பெனியும் கேக்காது. ஆனா வருஷக்கணக்கா நாணயமா இருந்தே பேர் எடுத்தார்.

போலீஸ் காப்பாத்துற ஊர்ல ஒருத்தர் நாணயமா இருந்தா அது பெரிய சேதி இல்ல. ஏமாத்தினா கேக்க நாதியில்லாத ஊர்ல ஒருத்தர் அப்படி இருக்கிறார் பாருங்க, அதுக்குத்தான் விலை. இழக்க முடியாத கப்பலுக்கு மதிப்பு இல்லாத மாதிரி, மீற முடியாத வாக்குக்கும் மதிப்பு இல்ல.

டிஸ்கி: மேலே சொன்ன டாலர் தொகையெல்லாம் வெறும் மாற்றுக் கணக்கு. ரிக்டிக் வித்தது மட்டும்தான் நிஜமாவே கைக்கு வந்த காசு. 2014-ல யாரும் மூணு லட்சம் டாலர் நோட்டைக் கொளுத்தல. கொளுத்தினது அவங்க நேரத்தை. எது விலை ஜாஸ்தின்னு நீங்களே சொல்லுங்க.