கோலாட்டத்தில் வரிசை முனைக்கு வந்ததும் திணறுறீங்களா? இப்படிப் பழகுங்க!

நவராத்திரிக்கு காரைக்குடியில ஃப்ரெண்ட்ஸோட கோலாட்டம் ஆடப் போறீங்களா? எதிரெதிர் வரிசையா நின்னு ஆடும்போது, ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் எல்லோரும் தங்கள் வலப்பக்கம் ஓரிடம் நகரணும். சிக்கலே வரிசைக் கடைசியில்தான். அங்கே இருப்பவர் எதிர் வரிசைக்குத் தாண்டிப்போய் திரும்பி நிற்கணும். அவர் தயங்கினால் மொத்த ஜோடியும் குழம்பிடும்.

சொல்லிக்கொடுக்கும்போது இதையெல்லாம் கவனிங்க:

* முதலில் கோல் இல்லாமல், தாளத்தை எண்ணிக்கொண்டே நடந்து பழகுங்க.
* ஆட்டம் தெரிந்த ஒருவரை முனைக்கு வெளியே நிறுத்துங்க. 'இப்ப தாண்டு' என அவர் குரல் கொடுக்கட்டும்.
* ஆள் ஒற்றைப்படையா? எதிரே யாரும் இல்லாதவர் தன் கோல்களையே தட்டட்டும். தாளம் நிற்கக் கூடாது.
* எல்லோரும் ஒருமுறை முனையைக் கடந்த பிறகே வேகத்தைக் கூட்டுங்க.

அமெரிக்காவின் கான்ட்ரா நடனத்திலும் இதே தலைவலிதான். கடைசிக்கு வரும் ஜோடி ஒரு சுற்று காத்திருந்து, இடம் மாறி நின்று, மறுபடி உள்ளே வரணும்.

பின்னல் கோலாட்டத்துக்கு முன்னாடி திரும்புவது பழகிடணும். அங்கே தப்பான பக்கம் திரும்பினால் கயிற்றில் சிக்கு விழுந்திடும்.

முனையில தடுமாறுறவங்களைப் பார்த்துச் சிரிக்காதீங்க. கொஞ்ச நேரத்துல அங்கே நிற்கப்போவது நீங்கதான்!