விசிறியில்லாக் கணினி: வெப்பத்தைத் தணித்த வரலாறு

எந்தப் பொறியும் வேலை செய்யும்பொழுது சூடேறும் என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆயினும் கணினிக்கும் ஏனைய பொறிகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நீரிறைக்கும் பொறி நீரை மேலேற்றுகிறது; மோட்டார் வண்டி சுமையை இழுக்கிறது. அவற்றிற்குக் கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதி வேலையாக மாறுகிறது. கணினியோ தான் உட்கொள்ளும் மின்னாற்றலை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவிடுகிறது. ஆகவே, கணினியின் வரலாறு ஒருவகையில் வெப்பத்தை வெளியேற்றிய வரலாறே எனலாம்.

பழைய மடிக்கணினியின் உட்பலகையைப் பிரித்தெடுத்து, விசிறியே இல்லாத மேசைக் கணினியாக மாற்றியமைக்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் காணப்படுகிறது. இதனை வெறும் பொழுதுபோக்குக் கைவேலை என்று தள்ளிவிடுதல் தகாது. எண்பது ஆண்டுக்கால முயற்சியின் பயன் அதில் அடங்கியிருக்கிறது.

குழாய்களின் காலம்

1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எனியாக் என்னும் மின்னணுக் கணினி பொதுமக்களுக்கு அறிமுகம் செய்யப்பட்டது. அதனை உருவாக்கியோர் ஜான் மாக்லி, பிரஸ்பர் எக்கர்ட் என்னும் இருவர். சற்றேறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் அதில் எரிந்தன. எடை 30 டன். உட்கொண்ட மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அவ்வளவும் வெப்பமாக மாறியமையால், பெரிய விசிறிகளைக் கொண்டு இடைவிடாது காற்றைச் செலுத்த வேண்டியிருந்தது.

1947-ஆம் ஆண்டின் இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. குழாயைப்போல் சூடேற்றப்பட வேண்டிய இழை அதற்கில்லை. வெப்பச் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால், சிறியதைக் கண்ட மனிதன் பலவற்றை நெருக்கி அடுக்கினான். நெருக்கம் மிகவே சூடும் ஓரிடத்தில் குவிந்தது. 1976-இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பெற்ற கிரே-1 என்னும் மீக்கணினிக்கு, குளிர்பதனப் பெட்டியில் ஓடுவது போன்ற பிரியான் குளிரூட்டி தேவைப்பட்டது. 1985-இல் வந்த கிரே-2 கணினியின் உறுப்புகளையோ, மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்திலேயே மூழ்க வைத்தார்கள்.

அதே லாஸ் அலமாஸில்தான் 1963-இல் ஜார்ஜ் குரோவர் என்னும் அறிஞர் வெப்பக் குழாயைச் செய்து காட்டினார். அதன் அமைப்பு எளியது. காற்று நீக்கி இருபுறமும் அடைத்த ஓர் உலோகக் குழாய், உட்சுவரில் திரிபோன்ற ஓர் அமைப்பு, சிறிதளவு திரவம். சூடான முனையில் திரவம் ஆவியாகி மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகித் திரி வழியே திரும்புகிறது. மின்சாரமும் வேண்டா, அசையும் உறுப்பும் வேண்டா. விண்கலங்களுக்காக எண்ணப்பட்ட இக்கருவியே, நீர் நிரப்பிய செப்புக் குழாயாகப் பின்னாளில் மடிக்கணினியினுள் புகுந்தது.

அமைதியை நாடியோர்

விசிறியின் இரைச்சலை வெறுத்தவர்களும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட ஆப்பிள்-3 என்னும் கணினியில் விசிறி இல்லை. அலுமினிய அடிப்பாகமே வெப்பத்தை வெளியேற்றுமென்று நம்பினார்கள். உறுப்புகள் நெருங்கியிருந்த அக்கணினி பல பழுதுகளுக்கு உள்ளாயிற்று. ஆயிரக்கணக்கானவற்றை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. அதே நிறுவனம் 2000-இல் கியூப் என்னும் விசிறியில்லாக் கணினியைக் கொண்டுவந்தது. அடியில் புகும் காற்று சூடேறி மேல்வழி வெளியேறும் புகைபோக்கித் தத்துவம் அதில் அமைந்திருந்தது. விலை மிகுதியால் ஓராண்டிலேயே அதன் உற்பத்தி நின்றது.

இதற்கிடையே, 1974-இல் ராபர்ட் டென்னார்டும் அவர்தம் குழுவினரும் ஓர் உண்மையை விளக்கியிருந்தனர். டிரான்சிஸ்டரின் அளவையும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர அங்குலத்தில் பிறக்கும் வெப்பம் ஏறாது என்பதே அது. முப்பதாண்டுகள் இவ்விதி கைகொடுத்தது. 2004-ஐ ஒட்டி, மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாத நிலை வந்தது. மேசைக் கணினிச் செயலிகளின் வெப்பம் 100 வாட்டைத் தாண்டியது. அதன்பின் வேகத்தை மட்டும் பெருக்கும் போட்டி தளர்ந்தது. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த வேலை என்பதே குறிக்கோளாயிற்று. அதன் விளைவாக, 15 வாட் அளவிலேயே இயங்கும் மடிக்கணினிச் செயலிகள் பெருகின. எனியாக் உட்கொண்ட மின்சாரத்தில் இது பதினாயிரத்தில் ஒரு பங்கு!

பழையது கழிந்ததா?

இந்தப் 15 வாட்டே மாற்றியமைப்போர்க்கு வாய்ப்பளிக்கிறது. முதலில் மின்கலத்தை அகற்றுவர்; பழைய லித்தியம் கலம் உப்பித் தீப்பற்றக்கூடும். உட்பலகையைக் கவனமாக வெளியே எடுத்து, செயலியின்மேல் வெப்பக்களிம்பு தடவி, செப்புத் தகட்டின் வழியாகப் பெரிய அலுமினியச் சிறகுத் தகட்டுடன் இணைப்பர். செம்பு வெப்பத்தை விரைந்து கடத்தும். அலுமினியம் இலேசானது, விலை மலிவானது. சிறகுகள் செங்குத்தாக நிற்றல் வேண்டும். அப்பொழுதுதான் சூடான காற்று தடையின்றி மேலெழும். வெளித்திரையும் விசைப்பலகையும் இணைத்தால் மேசைக் கணினி ஆயத்தம். விசிறியோ மின்கலமோ இல்லையென்று கண்டால் இயங்க மறுக்கும் பலகைகளும் உள. ஆதலின் எதையும் வெட்டுமுன் சோதித்தல் கடன்.

வெப்ப நாடுகளில் வாழ்வோர் ஒன்றைக் கருத வேண்டும். வெப்பம் வெளியேறும் வேகம், தகட்டிற்கும் காற்றிற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. 60 பாகைத் தகட்டிற்கு 20 பாகை அறையில் வேறுபாடு 40. நம் நாட்டுப் பகற்பொழுதின் 32 பாகையில் அது 28 மட்டுமே. எனவே குளிர்நாட்டார் கூறும் அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிய தகடு இங்கே வேண்டும். மேலும், எழுத்து, படிப்பு, கணக்கு ஆகிய வேலைகளுக்கே இவ்வமைப்பு ஏற்றது. நெடுநேரம் படத்தொகுப்பு செய்வோர்க்கு விசிறியே துணை. சூடு மிகுந்தால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இம்முயற்சியால் விளையும் நன்மை இரைச்சலின்மை மட்டுமன்று. 2022-ஆம் ஆண்டில் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவைக் குவித்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவே. 2025 அக்டோபரில் விண்டோஸ்-10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு முடிவுற்றதால், நல்ல நிலையிலுள்ள கணினிகள் பலவும் வேண்டாதவை ஆயின. லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்கள் அவற்றில் பலவற்றை இன்னும் இயக்கவல்லன.

திரை உடைந்தாலும், கீல் முறிந்தாலும், தூசி அடைத்து விசிறி நின்றாலும், உள்ளிருக்கும் மூளை பெரும்பாலும் பழுதுறுவதில்லை. ஒரு பொருள் கழிக்கத்தக்கது என்று முடிவு கட்டுமுன், அதன் எவ்வுறுப்பு கெட்டது என்று ஆராயும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுதல் நலம். பள்ளியின் ஒரு மூலையில் அடுக்கிக் கிடக்கும் பழைய கணினிகள் அப்பாடத்திற்கு ஏற்ற கருவிகள். வெப்பத்தின் இயல்பும் சிக்கனத்தின் பயனும் அங்கே ஒருங்கே விளங்கும்.